ஆளை மாற்றாமல் ஆலையை மாற்றிய கதை

"ஆளுங்க சரியில்ல சார்."

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளில் தரத்தைச் சோதிக்கும் ஆடிட்டுக்குப் போவது என் வேலை. இந்த வாக்கியம் அனேகமாக டீ வருவதற்கு முன்பே வந்துவிடும். ரிஜெக்‌ஷன் கூடிவிட்டதா, ஆள் சரியில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லையா, ஆள் சரியில்லை. "முன்ன மாதிரி யாருக்கும் வேலைல அக்கறையே இல்ல சார், எல்லாம் செல்போன்தான்." இதைச் சொல்கிறவர் கெட்டவராகவும் இருக்கமாட்டார். ராத்திரி ஒன்பது மணி வரை ஆலையிலேயே கிடப்பவராக இருப்பார். அதனால் சட்டென்று மறுத்துப் பேசவும் மனசு வராது.

ஆனால் இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் நடந்தது. எங்கள் துறையில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. என்ன, தெரிந்தவர்கள் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்தக் கம்பெனியின் ஆலைகளிலேயே மிக மோசமான பெயர் எடுத்தது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்கமாட்டார். திங்கட்கிழமை காலையில், கார்கள் நகர நகரப் பாகங்களைப் பொருத்தும் லைனை ஓட்டவே ஆள் போதாமல் திண்டாடியிருக்கிறார்கள். உள்ளேயே குடி, உள்ளேயே சூதாட்டம். கோபம் வந்தால் காலி பாட்டிலைக் கார் கதவுக்குள் போட்டு மூடி அனுப்பிவிடுவார்கள். வாங்கியவன் வண்டி ஓட்டும்போது கடகடவென்று சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று பிடிபடாது. நிர்வாகமும் சளைத்ததில்லை. எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். பாகம் தப்பாகப் பொருத்தப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கடைசியில் வெளியே நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். தொழிலாளர் புகார்கள் ஆயிரக்கணக்கில் தீர்க்கப்படாமல் குவிந்து கிடந்தன. 1982-ல் ஆலையை இழுத்து மூடினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆலையில் சம்பளம் குறைவில்லை. யுஏடபிள்யூ என்ற வலுவான வாகனத் தொழிலாளர் சங்கம் பேசி வாங்கிக் கொடுத்த, அந்தக் காலத்துக்கு நல்ல சம்பளம். "காசு கொடுத்தா வேலை தானா நடக்கும்" என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஆவல். (காசு கொடுக்காமல் கலாசாரம் பற்றிப் பேசுகிறவர்களிடம் கேட்கவும் என்னிடம் கேள்வி உண்டு. அது வேறு பதிவு.)

1984-ல் அதே கட்டடத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நூமி என்ற கம்பெனியைத் தொடங்கின. உற்பத்தியை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம். வேலைக்கு எடுத்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் பழைய ஆலையில் இருந்தவர்கள். அதே சங்கம், அதே சங்கத் தலைவர்கள். பாட்டில் போட்டு மூடிய கைகளும் அதில் இருந்திருக்கும், சந்தேகமே வேண்டாம். இவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டாவின் டகாவோகா ஆலையில் லைனிலேயே நிற்க வைத்துப் பழக்கினார்கள்.

இரண்டு வருடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற எந்த ஆலையையும்விட அங்கே உற்பத்தித்திறன் அதிகம். பழைய ஃப்ரீமான்ட்டோடு ஒப்பிட்டால் இரு மடங்குக்கு மேல். வேலைக்கு வராதவர்களின் அளவு 20 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சரி, என்னதான் செய்தார்கள்? பயிற்சி வகுப்பில் இதற்குப் பதிலாக ஒரு கயிற்றைக் காட்டுவார்கள். ஆன்டான் கயிறு. லைனில் நிற்கும் யாராக இருந்தாலும், ஒரு பிரச்சினை கண்ணில் பட்டால் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். அந்த ஸ்டேஷனின் எல்லைக்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால் நின்றுவிடும். லைன் ஒரு நிமிடம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கார் ஆலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த அதிகாரத்தைக் கடைசி மட்டத் தொழிலாளியின் கையில் கொடுத்தார்கள். உண்மையிலேயே பெரிய விஷயம்தான்.

ஆனால் கயிறு எல்லாக் கம்பெனியிலும் கட்டலாமே. ஜெனரல் மோட்டார்ஸே கட்டிப் பார்த்தது. அதே கலிபோர்னியாவில், வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த தன் ஆலைக்கு நூமி முறையைக் கொண்டுபோனது. எத்தனை வண்டி வெளியே போனது என்பதை வைத்துத்தான் மேலாளர்களை எடைபோட்டார்கள். அப்படியிருக்க எந்த மேலாளர் லைனை நிற்க விடுவார்? தொழிலாளர்களும் நம்பவில்லை, தங்கள் வேலைக்கு உலை வைக்கும் ஏற்பாடு என்றே பலர் நினைத்தார்கள். அந்த ஆலை 1992-ல் மூடப்பட்டது.

கயிறு ஏன் நூமியில் வேலை செய்தது என்பதற்கு என் பதில், யாரும் வகுப்பில் சொல்லாத அந்த இன்னொரு பாதியில் இருக்கிறது. நூமியின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள்: கம்பெனியே பிழைக்குமா என்ற நெருக்கடி வந்தால் ஒழிய ஆட்குறைப்பு கிடையாது, அப்படி வந்தாலும் அதற்கு முன் நிர்வாகம் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1988-ல் சோதனை வந்தது. கார் விற்பனை படுத்து, ஆலையின் திறனில் 60 சதவீதம்கூடப் பயன்படவில்லை. ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. வேலை இல்லாதவர்களைப் பயிற்சியிலும் லைனை மேம்படுத்தும் வேலைகளிலும் போட்டார்கள். கயிற்றை இழுத்தால் வேலை போகாது என்று வாயால் சொன்னதை, கணக்குப் புத்தகம் கடிக்கும் நேரத்திலும் செய்து காட்டினார்கள். அதோடு மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே கேன்டீன். வண்டி நிறுத்தப் பெரியவர்களுக்கென்று தனி இடம் கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் இடம்.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஆலையில் ஒரு நிமிடத்தில் 45 வினாடி அளவுக்குக் கை ஓடியது என்றால், நூமியில் 57 வினாடி வரை ஓட வேண்டும். அழுத்திப் பிழிந்து வேலை வாங்கும் முறை என்று சங்க வட்டாரத்திலேயே கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது, டொயோட்டாவும் கைவிட்டது, 2010 ஏப்ரலில் கடைசி கார் வந்தது. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள். பிறகு அந்தக் கட்டடத்தை டெஸ்லா வாங்கியது. கால் நூற்றாண்டு மனம் ஒன்றி உழைத்ததும் அவர்கள் வேலையைக் காப்பாற்றவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நானும் பயிற்சி வகுப்பு எடுக்கிறவன் ஆகிவிடுவேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஜப்பான் வாடை அடிக்கும். தரையில் மஞ்சள் கோடு, சுவரில் 5எஸ் (வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் முறை), கைசன் (வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்தும் யோசனை) போர்டு, ஆன்டான் விளக்கு. ஒருவருக்கு மாதம் ஒரு கைசன் என்று டார்கெட் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. மாசக் கடைசியில் சூப்பர்வைசரே உட்கார்ந்து போன மாதத் தாளைப் பார்த்துப் புதுப் பெயர் போட்டு எழுதுவார். போர்டு நிறைந்துவிடும். படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து கைதட்டும் எமோஜி வரும்.

ஒரு கம்பெனியில் நான் நேரில் பார்த்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், கான்ட்ராக்டில் இருப்பவன், வார்ப்புப் பாகத்தில் பிசிறு வருவதைப் பார்த்து, ஆன்டான் விளக்கை எரிய வைக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டான். அவன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. வெளியே லோடு ஏற்ற லாரி காத்திருந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்து விளக்கை அணைத்தார், பாகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு யாருடா அமுக்கச் சொன்னது?" என்றார். பையனுக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அந்தத் தொனிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அடுத்தமுறை நான் போனபோது அவனை வேறு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த லைனின் ஆன்டான் பதிவேட்டில் அந்த மாதம் முழுக்கப் பூஜ்யம். "பாருங்க சார், ஒரு தடவை கூட யாரும் அமுக்கல" என்று பெருமையாகக் காட்டினார்கள்.

அந்தப் பையனைக் குறித்துத்தான் அடுத்த கூட்டத்தில் "அக்கறையே இல்ல" என்பார்கள். அக்கறை இருந்தது. அரை நிமிடத்தில் அதை அணைத்தார்கள்.

நம் ஆலைகளில் லைனில் நிற்கிறவர்களில் பெரும்பகுதி கான்ட்ராக்ட், ட்ரெயினி, அப்ரன்டிஸ். நாளைக்குக் கேட்டில் பாஸ் வேலை செய்யுமா என்று தெரியாதவரிடம் போய், இது உன் கம்பெனி என்று நினைத்து வேலை செய் என்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நிர்வாகிகள் நூமியை மேற்கோள் காட்டுவதும் அப்படித்தான். நூமி சங்கத்தோடு நடந்த ஆலை ஐயா. இங்கே சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கிய சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது. சம்பள உயர்வோடு, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பதும் அதில் முக்கியக் கோரிக்கை. பேச ஒரு வாய் வேண்டும் என்பதைக் கேட்டு வாங்க அத்தனை நாள்.

ஐடி பக்கம் எனக்கு அனுபவம் இல்லை. பொங்கலுக்கு வேட்டி, வெள்ளிக்கிழமை விளையாட்டு, கம்பெனி பெயர் போட்ட காபி கோப்பை என்று தங்கை மகன் படம் அனுப்புவான். அடுத்த வரியில் ராஜினாமா யோசனையையும் அனுப்புவான்.

நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. அம்பத்தூரில் ஒரு சின்ன மெஷின் ஷாப். ஷிஃப்ட் மாறும்போது சூப்பர்வைசர் ஒரு நோட்டைப் பார்த்து வாசிப்பார்: நேற்று யார் என்ன குறை சொன்னார்கள், எதைச் செய்தாயிற்று, எதைச் செய்ய முடியவில்லை, ஏன். அந்த "ஏன்" முக்கியம். "ஃபிக்ஸர் மாத்தணும்னு மணி அண்ணன் சொன்னார், இந்த மாசம் காசு இல்ல, அடுத்த மாசம் பாக்கலாம்னு ஓனர் சொல்லிட்டார்." பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கே கைசன் போர்டு கிடையாது. ஆடிட் விதிப்படி அதற்கு நான் மார்க் குறைக்க வேண்டியிருந்தது, குறைத்தேன்.

எச்ஆர் நண்பர்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள். போன தடவை நீங்கள் நடத்திய ஊழியர் கருத்துக் கணிப்பில் கான்ட்ராக்ட் ஆட்களிடம் தாள் கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் அவர்கள் எழுதும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.