காடு முழுக்கச் செய்தி போவதில்லை

‘ஒரு செடியை வெட்டினால் அது காட்டிலுள்ள எல்லாச் செடிகளுக்கும் வாசனை வழியாக எச்சரிக்கை அனுப்பும்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். வாசனை வருவது உண்மை, பக்கத்துச் செடி அதை உணர்வதும் உண்மை. ஆனால் தூரம்? அமெரிக்காவின் சேஜ்பிரஷ் புதர்களில் ரிச்சர்ட் கார்பன் என்ற ஆய்வாளரின் குழு பல ஆண்டுகள் சோதித்தது. வெட்டுப்பட்ட செடிக்கு அருகிலிருந்தவற்றை, அதுவும் சுமார் 60 சென்டிமீட்டருக்குள், பூச்சிகள் குறைவாகக் கடித்தன. காற்றைத் தடுத்தால் அந்தப் பலன் இல்லை.

அப்புறம் அந்த ‘அனுப்பும்’ என்ற சொல். சேஜ்பிரஷ்ஷின் ஒரு கிளைக்கும் இன்னொன்றுக்கும் உள்ளே தொடர்பு குறைவு. தன் கிளைகளுக்கே காற்றில்தான் தகவல் போகிறது. அக்கம்பக்கத்துச் செடிகள் அதை ஒட்டுக்கேட்கின்றன என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. 1990இல் ஒரு சோதனையில், மூடிய பாத்திரத்துக்குள் சேஜ்பிரஷ் வாசனை பட்ட தக்காளி இலைகள்கூடப் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களை உருவாக்கின.