குழந்தை பெற்றவளுக்கும் ரிங்கில் இடம் வேண்டும்

அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்த நிகழ்ச்சியில் ஆடுகிற பெக்கி லிஞ்ச் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் ஏரியாவில் யாராவது ஒருத்தர், "அதெல்லாம் எழுதி வச்சு அடிக்கிறாங்கக்கா, டூப்பு" என்று முடித்துவிடுவார். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குக் குத்துச்சண்டை என்றால் தனி ரோஷம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று தாத்தாக்கள் கட்சி கட்டி நின்ற ஊர் இது. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டம் அவர்களுக்கு இளக்காரமாகத்தான் படும்.

சரி, முடிவு எழுதி வைத்ததுதான். அதை யாரும் மறைக்கவும் இல்லை. ஆனால் கீழே விழுகிற உடம்பு நிஜம். பெக்கியின் கதையில் எழுதி வைக்காமல் நடந்தவைதான் அதிகம்.

1987ல் அயர்லாந்தில் பிறந்த ரெபேக்கா க்வின் என்ற பெண்தான் இந்த பெக்கி. பதினைந்து வயதில் பயிற்சிக்குப் போனார். 2006ல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆட்டத்தில் தலையில் பலத்த அடி. அதோடு மல்யுத்தம் நின்றுபோனது. விமானப் பணிப்பெண் வேலை பார்த்தார், நடிப்புப் படித்தார். 2013ல்தான் டபிள்யூடபிள்யூஈ-யின் பயிற்சிப் பிரிவான என்எக்ஸ்டி-க்குள் நுழைய முடிந்தது. ஒரு வீராங்கனையின் இருபதுகளில் பாதிக்கு மேல் அப்படியே போய்விட்டது.

அவர் போன நேரத்தில் அங்கேயும் பெண்களுக்குப் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது. 2015 பிப்ரவரியில் நான்கு பெண்கள் மோதிய ஆட்டத்தை அரை நிமிடத்தில் முடித்து அனுப்பினார்கள். ரசிகர்கள் கொதித்துப்போய்ச் சமூக வலைத்தளங்களில் கேள்வி கேட்டார்கள். சாம்பியனுக்குக் கொடுக்கிற பட்டாம்பூச்சி வடிவ பெல்ட் போய், ஆண்களுடையதைப் போன்ற பெல்ட் பெண்களுக்கு வந்தது 2016ல். அந்த வருஷம் செப்டம்பரில், டபிள்யூடபிள்யூஈ-யின் இரண்டு பெரிய பிரிவுகளில் ஒன்றான ஸ்மாக்டவுனின் முதல் பெண்கள் சாம்பியன் ஆனார் பெக்கி. அப்புறம் இரண்டு வருஷம் ஓரமாகத்தான் நின்றார்.

2018 ஆகஸ்டில் தோழியும் சக வீராங்கனையுமான சார்லட்டை அவர் அடிக்கிற மாதிரி ஒரு காட்சி வைத்தார்கள். மக்கள் பெக்கியை வெறுக்க வேண்டும் என்பது கணக்கு. அரங்கம் மொத்தமும் பெக்கிக்குக் கைதட்டியது! எழுதியவர்கள் ஒன்று நினைக்க, ஜனம் வேறொன்று செய்தது. 'டூப்பு' என்கிற அண்ணன்மார்கள் இதை மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜனத்துக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

நவம்பரில் இன்னொரு வீராங்கனை நியா ஜாக்ஸ் விட்ட குத்து நிஜமாகவே முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்தது, தலைக்குள்ளும் அதிர்ச்சி. வாயைச் சுற்றி ரத்தம் வழிய, பார்வையாளர் வரிசை நடுவில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாராலும் அவரை ஓரங்கட்ட முடியவில்லை. 2019 ஏப்ரலில், டபிள்யூடபிள்யூஈ-யின் வருடாந்திரப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பெண்கள் ஆட்டம் கடைசி ஆட்டமாக, அதாவது முக்கிய ஆட்டமாக வந்தது. நமக்கு அப்போது திங்கட்கிழமை காலை. ரோண்டா ரௌஸி, சார்லட் இருவரையும் தாண்டி இரண்டு பிரிவுகளின் பெல்ட்டுகளையும் தூக்கினார். அந்த முடிவு அவசரமாக, கொஞ்சம் குழப்பமாக இருந்தது என்பேன். அந்த ராத்திரிக்கு இன்னும் அழுத்தமான முடிவு கிடைத்திருக்க வேண்டும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கடுத்த வருஷம் நடந்ததைத்தான். 2020 மே மாதம், கொரோனா காலம், ஆளில்லாத அரங்கம். பெக்கி பெல்ட்டைச் சக வீராங்கனை அஸுகாவிடம் ஒப்படைக்கிறார். அஸுகாவுக்குத் தலைகால் புரியவில்லை, துள்ளுகிறார். நீ போய்ச் சண்டை போடு, நான் அம்மாவாகப் போகிறேன் என்கிறார் பெக்கி. அஸுகாவின் ஆட்டம் சட்டென்று நிற்கிறது. ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். சாம்பியனாக இருக்கும்போதே, உச்சத்தில் இருக்கும்போதே, கர்ப்பம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போக முடிந்தது. 2021 ஆகஸ்டில், குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே, திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே மறுபடி சாம்பியன். அப்போதைய சாம்பியன் பியாங்கா பெலேரை 26 நொடியில் வீழ்த்துவதாக அதை வைத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. பியாங்காவுக்குச் செய்த அநியாயம் அது. அடுத்த வருஷ ரெஸில்மேனியாவில் பியாங்கா அவரை ஜெயித்தபோதுதான் மனசு ஆறியது.

இதையெல்லாம் வடசென்னையில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன்? எங்கள் பகுதியில் திறமைக்குப் பஞ்சமே இல்லை. 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த மண்ணின் பெண்தான். ஆனால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்கு மேல் இங்கே எத்தனை பெண்கள் விளையாட்டில் நிற்கிறார்கள்?

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பள்ளி நாட்களில் நன்றாக பாக்ஸிங் ஆடினவள். இப்போது இரண்டு வயதுக் குழந்தை. போன மாதம் என் தம்பி மகன் பாக்ஸிங்குக்குக் கையில் கட்டுகிற துணியைச் சுற்றத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். குழந்தையை இடுப்பிலிருந்து என் மடிக்கு மாற்றிவிட்டு, கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் சுற்றி, விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் விட்டு இழுத்து, பேசிக்கொண்டே கட்டி முடித்தாள். கட்டினதும் அவன் முஷ்டியைத் தன் உள்ளங்கையில் குத்தச் சொல்லிப் பார்த்தாள். "மறுபடி போகலாமே" என்றேன். "எந்த நேரத்துலக்கா போறது? புள்ளைய யாரு பாத்துப்பா?" என்றாள். அவ்வளவுதான், அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஆசை போய்விட்டதாக அவள் சொல்லவில்லை. நேரமும் பிள்ளையைப் பார்க்க ஆளும் இல்லை என்றாள். இந்த இரண்டையும் நம்மால் ஏற்பாடு செய்ய முடியும். இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகுதான் மேரி கோம் 2008ல் மறுபடி உலக சாம்பியன் ஆனார். சல்வார் கமீஸோடு டபிள்யூடபிள்யூஈ ரிங்கில் இறங்கிய ஹரியானாவின் கவிதா தேவியும் ஒரு பிள்ளைக்கு அம்மாதான். பிரசவத்துக்குப் பிறகு விளையாட்டையே விட்டுவிட நினைத்தவர், 2016 தெற்காசியப் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கினார். வீட்டில் தூக்கிவிட ஆள் இருந்தது.

இங்கே பயிற்சி என்றால் விடிகாலை அல்லது சாயங்காலம். இரண்டுமே வீட்டில் அடுப்பு எரிகிற நேரம். பிள்ளைகள் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் போன பிறகு, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பெரும்பாலான பயிற்சிக் கூடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. அந்த இரண்டு மணி நேரத்தை, வாரத்தில் மூன்று நாளாவது, அம்மாக்களுக்கென்று திறந்துவிடுங்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஓரமாக ஒரு பாய் விரித்து, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா போடுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கிளப் நடத்துகிற அண்ணன்கள், மாஸ்டர்கள் என் நட்புப் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாராவது ஒருத்தர் சாவியைக் கொடுக்கச் சம்மதித்தால் கமெண்டில் சொல்லுங்கள். முதல் வாரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நானே வருகிறேன்.