இந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டீங்க?

தெரபிஸ்ட் ஆவதற்கான பயிற்சிக் காலத்தில் நான் பதிவுசெய்து கொடுத்த ஒரு செஷன் வீடியோவை என் சூப்பர்வைசர் பாதியிலேயே நிறுத்தினார். திரையில் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். "எல்லாரும் தூங்கின பிறகு கிச்சன் லைட்டைக்கூடப் போடாம நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். வயிறு வலிச்சாலும் கை நிக்காது" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறார். கண் கலங்கியிருக்கிறது. உடனே என் குரல் கேட்கிறது: "அன்னைக்கு மதியம் ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"இந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

குரலில் கோபம் இல்லை. பதில் சொல்ல எனக்குத்தான் நேரம் பிடித்தது. அந்தப் பெண்ணின் அவமானம் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் எனக்கு நெஞ்சு இறுகிப்போயிற்று. சாப்பாட்டு நேரம், அளவு என்று பேச்சை மாற்றினால் எனக்கு மூச்சு வரும். அதனால் மாற்றினேன். இரவில் அவர் எதிலிருந்து தப்பிக்கச் சமையலறைக்குப் போனாரோ, அதே இடத்திலிருந்து நானும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கிறேன். (அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

அந்தப் பெண்ணுக்கு இருந்ததுபோன்ற அளவுமீறி உண்ணும் கோளாறுக்கு (Binge Eating Disorder) உணர்ச்சிமையச் சிகிச்சை (Emotion-Focused Therapy) தர விரும்பும் இளைய தெரபிஸ்டுகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த வொர்க்‌ஷாப் போகலாம்? எத்தனை நாள்?" என்றுதான். வொர்க்‌ஷாப் வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பது உத்திகளின் பட்டியல். இன்னொருவரின் வெட்கத்துக்குப் பக்கத்தில் அசையாமல் உட்காரும் திறன் அந்தப் பட்டியலில் வராது. இந்தக் கோளாறைப் பொறுத்தவரை பயிற்சியின் பெரும்பகுதி அந்தத் திறனுக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது வெறும் "நிறைய சாப்பிடும் பழக்கம்" என்று இன்னமும் நினைப்பவர்கள் உண்டு, மருத்துவத் துறைக்குள்ளேயே. ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் என்ற மனநல மருத்துவர் 1959-லேயே இதை விவரித்து எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனிக் கோளாறாக இடம்பிடிக்க 2013 ஆயிற்று. அந்தக் கையேட்டின் அளவுகோல் இது: குறுகிய நேரத்துக்குள், மற்றவர்கள் அதே சூழலில் உண்பதைவிட மிக அதிகமாக உண்பது. அந்த நேரத்தில் நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு. வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதமாக. வாந்தி எடுத்தோ கடும் பட்டினி கிடந்தோ ஈடுகட்டும் பழக்கம் தொடர்ந்து இருக்காது. இருந்தால் அது வேறு நோய். அந்த அளவுகோலிலேயே, வெட்கத்தால் தனியாக உண்பதும், உண்ட பிறகு தன்மீதே அருவருப்பும் குற்றவுணர்வும் வருவதும் அடையாளங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நோயின் வரையறைக்குள்ளேயே வெட்கம் இருக்கிறது. அதைத் தொடாமல் தட்டில் இருப்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி?

1991-ல் ஹெதர்டன், பாமைஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம் எனக்கு இன்றும் பயன்படுகிறது. தன்னைப் பற்றிய வலிமிகுந்த விழிப்பிலிருந்து தப்பிக்க, கவனத்தைச் சுருக்கிக் கண்முன் இருக்கும் உணவில் கொண்டுபோய் வைப்பதே இந்த உண்ணுதல் என்றார்கள். ஆனால் அந்தத் தப்பித்தல் நிலைப்பதில்லை. பலரின் அன்றாட மனநிலையை நேரத்துக்கு நேரம் பதிவுசெய்த ஆய்வுகளை 2011-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உண்பதற்கு முன் எதிர்மறை உணர்ச்சி உயர்வதும், உண்ட பிறகு அது இன்னும் ஏறுவதும்தான் தெரிந்தது. அதாவது, அந்தப் பெண் ராத்திரி எதை அடக்க நினைத்தாரோ அது காலையில் இரட்டிப்பாகி எழுந்து நிற்கும்.

உணர்ச்சிமையச் சிகிச்சையை டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்லி கிரீன்பெர்க்கும் உடன் உழைத்தவர்களும் 1980-களிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் பரிவான கேட்டல், கெஸ்டால்ட் என்ற சிகிச்சை மரபின் நாற்காலி (உள்ளே மோதும் குரல்களை எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்து மாறிமாறிப் பேசவைப்பது), இரண்டும் இதில் சேர்ந்திருக்கின்றன. மையக் கருத்து எளிமையானது: ஓர் உணர்ச்சியை அறிவுரையால் மாற்றுவது கடினம், இன்னோர் உணர்ச்சியால் மாற்றலாம். மேலே தெரியும் எரிச்சலும் குற்றவுணர்வும் பெரும்பாலும் இரண்டாம் நிலை, அதாவது வேறோர் உணர்ச்சிக்கு எதிர்வினையாக எழுபவை. அவற்றுக்குக் கீழே "நான் கேவலமானவ" என்ற பழைய வெட்கம் கிடக்கும். அந்த வெட்கத்தை வந்தடைந்தால்தான் அதற்கும் கீழே உள்ள தேவை தெரியும். தேவை தெரிந்த பிறகு, தன்னைக் காயப்படுத்தியதன்மீது நியாயமான கோபமோ, இழந்ததற்கான துக்கமோ, தன்மீதே ஒரு பரிவோ எழும். வெட்கம் இளகத் தொடங்குவது அப்போதுதான்.

கேட்க எளிது. நாற்காலி போட்டவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஒரு நாற்காலியில் கிளையன்ட் தன்னைத் திட்டும் குரலாக உட்காருகிறார். "உனக்கு வெட்கமே இல்லையா? உன்னால ஒரு நாள்கூடக் கட்டுப்பாடா இருக்க முடியாதா?" எதிர் நாற்காலிக்கு மாறியதும் என்ன சொல்வார் என்று புதியவர்கள் எதிர்பார்க்கிறார்கள்? எதிர்த்துப் பேசுவார் என்று. இந்தக் கோளாறு உள்ளவர்கள் பலர் அப்படிப் பேச மாட்டார்கள். தோள் தொங்கிவிடும். "அது சொல்றது சரிதானே" என்பார்கள். இங்கேதான் பயிற்சி இல்லாத தெரபிஸ்ட் பதறுகிறார். "இல்லை, நீங்க அப்படி இல்லை" என்று ஆறுதல் சொல்லிவிடுகிறார், அல்லது திட்டும் குரலை இன்னும் உரக்கத் திட்டச் சொல்கிறார். இரண்டாவது ஆபத்தானது. முக்கால் மணி நேரம் தன்னையே கிழித்துப்போட்ட ஒருவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் அன்றிரவு என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது. "அது சரின்னு சொல்லும்போது உடம்புல எங்க என்ன ஆகுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது. திட்டியபோது உதட்டோரம் சுழித்த இகழ்ச்சியைக் கவனித்து, அதன் தாக்கம் மறுபக்கம் எப்படி விழுகிறது என்று பார்ப்பது. கடைசிப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் ஒதுக்கி, கலங்கியதை அமர்த்தி, அன்றிரவு எப்படிப் போகும் என்று பேசிவிட்டே அனுப்புவது. இதெல்லாம் ஸ்லைடில் எழுதினால் இரண்டு வரி. கைவரக் காலம் பிடிக்கும்.

இன்னொரு நாற்காலி வேலையும் இந்த நோய்க்கு மிக முக்கியம்: உணர்ச்சியைத் தடுக்கும் பகுதியோடு பேசுவது. அழுகை தொண்டை வரை வந்ததும் உள்ளே ஒன்று கதவைச் சாத்துகிறது. "இதையெல்லாம் நினைக்காத, போய்ச் சாப்பிடு" என்கிறது. எப்படிச் சாத்துகிறது என்று கிளையன்டையே செய்துகாட்டச் சொல்கிறோம். அந்தப் பகுதியை எதிரியாக நடத்தக் கூடாது. ஒரு காலத்தில் அது அவரைக் காப்பாற்றியிருக்கிறது. வேறு எந்தத் துணையும் இல்லாத வயதில் உணவு துணையாக நின்றிருக்கலாம். அதை மதித்துப் பேசத் தெரியாத தெரபிஸ்டிடம் அந்தப் பகுதி வாய் திறக்காது.

ஆகவேதான், பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் கிளையன்ட் நாற்காலியில் உட்கார வேண்டும் என்கிறேன். மூன்று மூன்று பேராகப் பிரிந்து, ஒருவர் தெரபிஸ்ட், ஒருவர் கிளையன்ட், ஒருவர் பார்வையாளர் என்று மாறிமாறிப் பழகுவது இந்தச் சிகிச்சையின் பயிற்சி முறையிலேயே உண்டு. ஆனால் நடிப்பாகச் செய்தால் பயன் பாதிதான். சொந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு உட்காரணும். எவ்வளவு ஆழம் போவது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும், அந்தரங்கம் காக்கப்படட்டும். உட்காராமல் இருக்க மட்டும் அனுமதிக்கக் கூடாது. தன் உள்ளே திட்டும் குரலை ஒருமுறையாவது உரக்கக் கேட்டவருக்கே, எதிரில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு துணிச்சல் காட்டுகிறார் என்று புரியும்.

பயிற்சியின் முதல் நாளை நான் வேறொன்றுக்கு ஒதுக்குவேன்: உடல் எடை பற்றி நமக்குள் இருக்கும் தீர்ப்புகளுக்கு. பருமனான ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போது நம் மனதில் முதலில் ஓடுவது என்ன? அதை யாருக்கும் காட்டாமல் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். அந்த வரி, கிளையன்டின் திட்டும் குரல் சொல்லும் வரியாகவே பல நேரம் இருக்கும். இந்தக் கோளாறு எல்லா உடல்வாகிலும் வரும், ஆண்களுக்கும் வரும். அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் எப்போதாவது இது வந்தவர்கள் பெண்களில் 3.5 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம். எடைக் குறைப்பு இந்தச் சிகிச்சையின் இலக்கு இல்லை என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் "கொஞ்சம் குறைஞ்சா நல்லது" என்று ரகசியமாக நினைத்துக்கொண்டிருந்தால் கிளையன்ட் அதை மோப்பம் பிடித்துவிடுவார். வாழ்நாள் முழுவதும் அந்தப் பார்வையைப் படித்தே பழகியவர் அவர்.

ஆதாரத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கோளாறுக்கு அதிகம் ஆராயப்பட்டது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் (CBT). பிரிட்டனின் 2017 வழிகாட்டுதல், உதவியோடு செய்யும் சுயஉதவித் திட்டத்தையே முதல் படியாக வைக்கிறது. தனிநபர் உணர்ச்சிமையச் சிகிச்சைக்கு 2021-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது. அதில் இருந்தவர்கள் 21 பேர், 12 வாரம். ஒப்பிட்டது சிகிச்சைக்காக இன்னும் காத்திருந்தவர்களோடு, வேறு சிகிச்சையோடு இல்லை. இதை வைத்துக்கொண்டு மற்ற முறைகளைக் குறைத்துப் பேசுவது தவறு. ஆனாலும் அந்த முறைகளில் முழுப் பலன் கிடைக்காதவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வாசல் வேண்டாமா?

இந்தப் பயிற்சிக்கு வருபவர் மற்ற முறைகளின் அடிப்படையையும் தெரிந்துகொண்டே வர வேண்டும். நேரத்துக்கு உண்ணாமல் வயிற்றைக் காயப்போடுவது இந்தக் கட்டுமீறலைத் தூண்டும். சர்க்கரை நோய் போன்றவை கூடவே இருந்தால் மருத்துவரோடு சேர்ந்துதான் நடத்த வேண்டும். மதியச் சாப்பாடு பற்றிய என் கேள்வி தன்னளவில் நல்ல கேள்விதான். பிறகொரு நாள் அதைக் கேட்டேன், பயன்பட்டது. அன்று அந்த நொடியில்தான் அது அவரைத் தனியே விட்டுவிட்டது.

அடுத்த வாரம் அவர் வந்தபோது நானே தொடங்கினேன். "போன தடவை நீங்க இருட்டுல நிக்கிறதைப் பத்திச் சொன்னீங்க. நான் சாப்பாட்டுக்குத் தாவிட்டேன். அதுக்கு மன்னிச்சிடுங்க. அந்த லைட்டைப் போடாம நிக்கும்போது உங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டிருக்கணும்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. கை விரல்களைப் பார்த்துக்கொண்டே பிறகு சொன்னார்: "லைட்டைப் போட்டா என்னை நானே பார்க்கணுமே."

அந்த மணி நேரம் முழுக்க அந்த ஒரு வரியிலேயே இருந்தோம்.