கிளவுஸ் வருவதற்கு முன்னால்

குத்துச்சண்டையே சீனாவிலிருந்து போனதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்க்கட்சியும் உண்டு. குங்ஃபூவில் உருப்படியானதெல்லாம் வெள்ளைக்காரனிடம் கற்றது, மிச்சம் வெறும் டான்ஸ் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஆனால் குத்துச்சண்டைக்கும் குங்ஃபூவுக்கும் நடுவே ஒற்றுமை இருப்பது நிஜம். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜாக் டெம்ப்சியை எடுத்துக்கொள்வோம். 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் சாம்பியன். கொலராடோ பக்கத்துச் சுரங்க ஊர்களின் சாராயக்கடைகளில் அடிதடி செய்து மேலே வந்த ஆள். 1950இல் வந்த தன் பயிற்சி நூலில் ஒரு சோதனை சொல்லித் தருகிறார். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முஷ்டியை மோவாய் உயரத்தில் சுவரில் வைத்து, உடம்பு எடையை அதன் மேல் சாயுங்கள். எடை சுண்டுவிரல் பக்க முட்டியில் இறங்கினால் கை அசையாமல் தாங்கும். அதையே ஆள்காட்டி விரல் பக்கம் மாற்றினால் மணிக்கட்டு ஆட்டம் காணும். தோளில் தொடங்கிச் சுண்டுவிரல் முட்டி வரை ஓடும் அந்தக் கோட்டில்தான் பலம் இருக்கிறது என்கிறார் டெம்ப்சி.

இப்போது தென் சீனக் குங்ஃபூ பாணியான விங் சுன் பயிற்சிக் கூடம் ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். அதே நிமிர்ந்த முஷ்டி. முழங்கை கீழே தொங்குகிறது. கீழ்ப்பக்கத்து மூன்று முட்டிகள் போய் விழுகின்றன. வட சீனத்துச் சிங்யீ பாணியில் 'பெங்' என்று ஒரு நேர்குத்து உண்டு, அதிலும் முஷ்டி நிமிர்ந்துதான் போகும். முன்கால் பாய, பின்கால் அரை அடி இழுபட்டு வரும். டெம்ப்சியும் முன்காலை எடுத்து வைக்கும்போது உடம்பு முன்னால் விழுமே, அந்த வேகத்தையே குத்தாக மாற்று என்கிறார்.

அப்படியானால் டெம்ப்சி சீன ஆசான் யாரிடமாவது கற்றாரா? அதற்குத் தடயம் கிடையாது. என்னைக் கேட்டால், அப்படி ஒரு ஆசான் தேவையும் இல்லை. மண்டையில் வெறுங்கையால் ஓங்கிக் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் குத்தியவன் கைதான். கையைக் காப்பாற்றிக்கொண்டு அடிக்க வழி தேடுகிற எவனும் மணிக்கட்டை நேராக வைக்கக் கற்றுக்கொள்வான், அவன் லண்டனில் இருந்தாலும் சீனத்து ஃபோஷானில் இருந்தாலும்.

இன்றைய பாக்ஸிங்கோடு குங்ஃபூவை ஒப்பிடுவதில்தான் கோளாறு. பழைய பாக்ஸிங்கைப் பார்க்க வேண்டும். 1743இல் இங்கிலாந்துக் குத்துச்சண்டை வீரர் ஜாக் பிராட்டன் எழுதிய விதிகளில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாது, விழுந்தவனை அடிக்கக்கூடாது, தடை அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே கட்டிப்பிடித்துத் தூக்கிப் போடலாம். ஆள் விழுந்தால் ரவுண்டு முடிந்தது. 1889இல்கூட அமெரிக்க வீரர்கள் சல்லிவனும் கில்ரெயினும் பழைய முறையில் வெறுங்கையோடு மோதியது இப்படித்தான் 75 ரவுண்டு ஓடியது. அந்தக் காலத்துப் படங்களில் நிற்கும் நிலையைப் பாருங்கள். உடம்பு சற்றுப் பின்சாய்ந்து, இரண்டு கையும் முன்னால் நீண்டிருக்கும். மீசையை மழித்து நீள அங்கி மாட்டிவிட்டால் பாதிப் பேர் குங்ஃபூ ஆசான்கள்தான்!

1867இல் இன்றைய பாக்ஸிங்குக்கு அடிப்படையான குவீன்ஸ்பரி விதிகள் வந்தன. கிளவுஸ், மூன்று நிமிட ரவுண்டு, மல்யுத்தப் பிடிக்குத் தடை. கைக்கு மெத்தை கிடைத்ததும் தலைதான் முக்கிய இலக்கு என்றானது, பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் ஹூக் செழித்தது, இரண்டு கையும் மேலேறிக் கன்னத்துக்குச் சுவராக நின்றன. சீனப் பள்ளிகளில் பல வெறுங்கைக் கணக்கிலேயே தொடர்ந்தன. பிரிந்த இடம் இதுதான்.

நம் ஊரில் இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றிக் காஞ்சிபுரத்துக்கு வந்துவிடும். போதிதர்மர் சீனாவின் ஷாலின் மடத்தில் சண்டை கற்பித்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. 1930லேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இந்தக் கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். எனக்கும் வருத்தம்தான், என்ன செய்ய.

சரி, கொடுக்கல் வாங்கல் நடக்கவே இல்லையா? நடந்தது. ஆனால் எல்லாம் 20ஆம் நூற்றாண்டுக் கதை, பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போனது. 1954இல் சீனக் கரையோர மக்காவ் நகரில் தை சி ஆசான் வூ குங்யீயும் வெண்கொக்குப் பாணி சான் ஹாக்ஃபூவும் மோதினார்கள். கயிறு கட்டிய மேடை, ரவுண்டு, இடைவேளை என ஏற்பாடே பாக்ஸிங்தான். இரண்டாவது ரவுண்டில் வெற்றி தோல்வி சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. ஐம்பதைத் தாண்டிய வூவின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு, மற்றபடி பாணியின் அழகைத் தேடினால் ஏமாற்றம்தான்.

புரூஸ் லீ கதை இன்னும் தெளிவு. இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் பயின்றுகொண்டிருந்தவர், 1958இல் ஹாங்காங் பள்ளிகளுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் ஜெயித்தார். அமெரிக்கா போன பிறகு டெம்ப்சியின் நூலைப் படித்துக் குறிப்பெடுத்தார், முகமது அலியின் படச்சுருள்களைப் போட்டுப் பார்த்தார். 1967இல் ஜீத் குன் டோ என்று அவர் பெயர் வைத்த சொந்தப் பாணியில் வாள்சண்டைக்கும் பாக்ஸிங்குக்கும் பெரிய பங்கு. அவர் அதை ஒளிக்கவில்லை, ரசிகர்கள்தான் ஒளிக்கிறார்கள்.

சீன அரசு 1959இல் பாக்ஸிங்கைத் தடை செய்தது, 1986இல்தான் மறுபடி அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடை இருக்கும்போதே 1979இல் சான்டா என்ற சீனச் சண்டை முறையைப் போட்டி விளையாட்டாகச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கிளவுஸ் உண்டு, முன்கையால் நேராக விடும் ஜாப் உண்டு, ஹூக் உண்டு. கூடவே உதையும், ஷுவாய்ஜியாவ் என்ற சீன மல்யுத்தத்திலிருந்து வந்த தூக்கிப்போடலும். உதையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது குத்தும் கட்டிப்பிடித்து வீழ்த்துவதும்தான், கிட்டத்தட்ட பிராட்டன் காலத்து ஆட்டம். பிராட்டன் ஆட்டத்தோடான இந்த ஒற்றுமையிலும் யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை என்பதே என் கட்சி. நம்பாதவர்கள் ஒரு சான்டா போட்டியையும் 18ஆம் நூற்றாண்டு லண்டன் சித்திரங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடலாம்.