ஆள் சேர்த்தால் கமிஷன் என்று இருக்கும்வரை

"இன்னைக்கே சேர்ந்தா 40% தள்ளுபடி, நாளைக்கு இந்த ரேட் கிடைக்காது" என்று சொல்லும் எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். கடன் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். அங்கே பாடம் நன்றாகவே நடக்கலாம், இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணல் குழுவில் இருப்பேன். சில ஆண்டுகளாக வரும் பயோடேட்டாக்களைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், டெஸ்டிங் என்று தலைப்புதான் மாறுகிறது. உள்ளே அதே புராஜெக்ட், அதே வரிகள், சில சமயம் அதே எழுத்துப்பிழை. "இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் தலைகுனிந்துவிடுகிறார்கள். சிலரை இல்லாத இரண்டு வருட அனுபவத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் அது மாட்டும்போது சொல்லிக்கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. பெயர் கெடுவது அந்தப் பிள்ளைக்குத்தான். நேர்காணல் முடிந்த பிறகு எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்பேன். அறுபதாயிரம் என்பார் ஒருவர், ஒன்றரை லட்சம் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இஎம்ஐ.

இவர்களை விவரமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கும் மாநிலம் இது. 2022இல் படித்து முடித்தவர்களில் பலர் பெரிய நிறுவனங்களின் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். வீட்டில் கல்விக் கடன் நிற்கிறது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் "என்னப்பா, வேலை ஆச்சா?" என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். அந்த மனநிலையில் இருக்கும் ஒருவரிடம் மூன்று மாதத்தில் வேலை என்று சொன்னால் நம்பத்தான் செய்வார். அந்த மனநிலையில் இருப்பவர்களைத்தான் தேடியும் பிடிக்கிறார்கள்.

என் அக்கா பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பயோடேட்டா ஏற்றியிருந்தாள். உங்கள் விவரம் தேர்வாகியிருக்கிறது, நேரில் வாருங்கள் என்று அழைப்பு வந்தது. வேலைக்கான இன்டர்வியூ என்று நினைத்துத் திருக்கோவிலூரிலிருந்து கிளம்பி வந்தாள். நானும் கூடப் போனேன். போன இடம் பயிற்சி நிறுவனம்.

முதலில் ஒரு படிவம். அப்பா என்ன வேலை, குடும்ப வருமானம் எவ்வளவு, சொந்த வீடா, வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று கேட்டிருந்தார்கள். ஜாவா சொல்லித்தர வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அப்புறம் ஒரு சின்னத் தேர்வு. அதில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கியதாகவும் ஸ்காலர்ஷிப்புக்குத் தகுதி பெற்றுவிட்டதாகவும் சொன்னார்கள். அன்று வந்திருந்த எல்லாருக்கும் அதேதான் சொல்லப்பட்டது, பக்கத்து நாற்காலிகளில் காதில் விழுந்தது. பிறகு கவுன்சலர் என்று ஒரு பெண் வந்தார். இந்த பேட்ச்சில் இரண்டு இடம்தான் பாக்கி என்றார். மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று உள்ளே போய் வந்து இன்னும் பத்தாயிரம் குறைத்தார். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் கொடுத்தால் கடன் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்றேன். "சேர்ந்த பிறகுதான் சார் அக்ரிமென்ட் மெயில்ல வரும்" என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்து, "இந்த முடிவைக்கூட நீங்களா எடுக்க மாட்டீங்களா? வாழ்க்கை பூரா மாமாகிட்ட கேட்டுக்கிட்டே இருப்பீங்களா?" என்று கேட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு அந்தக் கேள்விதான் ஆறவில்லை. ஒரு பெண் தன் வீட்டாரிடம் யோசனை கேட்பதையே அவமானமாக மாற்றி, அந்த அவமானத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அதன் பிறகும் இரவு எட்டு மணிக்கு மேல் அக்காவுக்கு போன் வந்துகொண்டே இருந்தது. "பொண்ணோட திறமையை வீணாக்கிடாதீங்கம்மா" என்று.

அந்தக் கவுன்சலர் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. இதே வேலையில் வேறொரு இடத்தில் இருந்துவிட்டு விலகிய ஒருவரிடம் பின்னர் பேசினேன். அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவு. ஒருவரைச் சேர்த்தால் இவ்வளவு என்று இன்சென்டிவ். மாதக் கடைசிக்குள் கணக்கு முடியவில்லை என்றால் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டு. வந்தவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனால் திரும்பி வர மாட்டார், அதனால் வெளியே விடாதே என்பதுதான் அவருக்குக் கொடுத்த முதல் பயிற்சியாம். எதிரில் இருப்பவருக்கு இந்தப் படிப்பு தேவையா என்று நேர்மையாகப் பார்த்தால் கவுன்சலரால் அந்த மாத வீட்டு வாடகையைக் கட்ட முடியாது. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே லாபத்துக்காக நடத்தப்படும் தொழிற்கல்லூரிகள் பல்லாயிரம் கோடி புழங்கும் தொழில். 2010இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, மாணவர்கள் வேடத்தில் ஆட்களை 15 கல்லூரிகளுக்கு அனுப்பியது. பதினைந்திலும் ஏமாற்றும்படியோ சந்தேகத்துக்கிடமாகவோ பேசினார்கள். முடிதிருத்தும் தொழிலில் ஆண்டுக்கு 1,50,000 முதல் 2,50,000 டாலர் வரை சம்பாதிக்கலாம் என்று ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டணம், கடன் பற்றிப் பேசும் அலுவலரைப் பார்க்க முடியும் என்று சொன்ன இடமும் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு அந்த மெயிலில் வரப்போகும் அக்ரிமென்ட்தான் ஞாபகம் வந்தது.

2012இல் செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான குழு, இப்படிப்பட்ட 30 நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அந்த நிறுவனங்களில் ஆள் சேர்க்கும் பணியில் இருந்தவர்கள் 35,202 பேர். படித்தவர்களுக்கு வேலை தேடித்தரும் பிரிவில் இருந்தவர்கள் 3,512 பேர். சேர்க்கப் பத்துப் பேர், வேலை வாங்கித்தர ஒருவர். ஐடிடி என்ற நிறுவனம் தன் ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சித் தாளும் அந்த விசாரணையில் வெளியே வந்தது. எதிரில் இருப்பவரின் வாழ்க்கையில் எங்கே வலிக்கிறது என்று படிப்படியாகக் கேட்டு, ஒவ்வொரு கேள்வியிலும் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும் என்று அதில் இருந்தது. கொரிந்தியன் என்ற இன்னொரு நிறுவனத்தின் மீது 2013இல் கலிஃபோர்னியா மாநிலம் வழக்குப் போட்டது. அதன் உள் ஆவணங்களில், யாரைக் குறிவைக்க வேண்டும் என்ற குறிப்பு இருந்தது: தனிமைப்பட்டவர்கள், பொறுமையில்லாதவர்கள், தன்னம்பிக்கை குறைந்தவர்கள், தங்கள் மீது அக்கறை காட்ட அதிகம் பேர் இல்லாதவர்கள். இதையெல்லாம் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கொரிந்தியன் 2015இல் திவாலாகி மூடிக்கொண்டது. அங்கே படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அமெரிக்க அரசு 2022இல் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பட்டவர்கள் அதற்குள் வருடக்கணக்கில் கடன்காரர்களாக வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

இதில் முக்கியமாக ஒன்றைப் பார்க்க வேண்டும். அரசின் கல்வி நிதி பெறும் கல்லூரிகள், ஆள் சேர்ப்பவருக்கு எண்ணிக்கைப்படி கமிஷன் கொடுக்கக் கூடாது என்று அங்கே 1992இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். 2002இல் அதில் ஏகப்பட்ட விலக்குகளைக் கொடுத்துத் தளர்த்தினார்கள். மேலே சொன்ன அட்டூழியங்களில் பெரும்பகுதி அதற்குப் பின் நடந்தது. 2011இல் அந்த விலக்குகளை நீக்கினார்கள். அந்த வரிசையைப் பார்த்தபோதுதான் கமிஷனைத் தொடாமல் மற்ற எதைத் தொட்டாலும் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

நம்மிடம் விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் நிலையங்களுக்கு அது பொருந்தும். வேலை உறுதி என்று பொய்யாகச் சொல்லக் கூடாது, இடம் தீர்ந்துவிடும் என்ற போலி அவசரத்தை உண்டாக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் போஸ்டரைத் திருத்தலாம், கண்ணாடித் தடுப்புக்குள் வாய்வார்த்தையாகச் சொல்வதை எந்த அதிகாரி போய்க் கேட்பார்? வாயால் வேலை உறுதி என்பார்கள். ஒப்பந்தத்தில் வேலை தேட உதவுவோம் என்று மட்டும் இருக்கும். கமிஷன் இருக்கும் வரை அந்த வாய் மூடாது.

கமிஷனுக்கு அடுத்தது கடன். வட்டியில்லா இஎம்ஐ என்கிறார்களே, பல இடங்களில் அது எப்படி நடக்கிறது என்றால், நிதி நிறுவனம் தன் வட்டியைக் கழித்துக்கொண்டு மொத்தக் கட்டணத்தையும் பயிற்சி நிறுவனத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். கடன் உங்கள் பெயரில் அல்லது அப்பா பெயரில். முழுப் பணமும் வந்த பிறகு உங்களை நன்றாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன அவசியம்? இரண்டாவது வாரமே வாத்தியார் மாறிவிட்டார், வகுப்பு ரெக்கார்டட் வீடியோவாகிவிட்டது என்று நீங்கள் விலகினாலும் தவணை ஓடும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண், விழும். நாளைக்கு ஒரு பைக் வாங்கக் கடன் கேட்டுப் போனால் அங்கே தெரியும்.

ஆகவே அரசு செய்ய வேண்டியது என்று நான் கேட்பது இதுதான். ஆள் சேர்த்தால் இன்சென்டிவ் என்பதைப் பயிற்சி நிறுவனங்களில் தடை செய்யுங்கள், சம்பளமாகக் கொடுக்கட்டும். கடன் பணத்தை மாதாமாதம், வகுப்பு நடந்த அளவுக்கு மட்டும் விடுவிக்கச் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்கு முன் ஒப்பந்தம் கைக்கு வர வேண்டும், அதைப் படிக்க ஒரு வாரமாவது தர வேண்டும். "அப்புறம் தொழில் எப்படி சார் நடத்துறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பயிற்சி நிலையங்கள் இந்த ஊரிலேயே நடக்கின்றன. அங்கே படித்து வந்தவர்களை நானே வேலைக்கு எடுத்திருக்கிறேன். அவர்கள் டெமோ வகுப்பில் நாலு நாள் உட்காரச் சொல்வார்கள், மாதக் கட்டணம் வாங்குவார்கள், யோசித்து வாருங்கள் என்று அனுப்புவார்கள். பக்கத்துக் கட்டடத்துக்காரர் கூவிக் கூவி ஆள் பிடிக்கும்போது நஷ்டப்படுவது இவர்கள்தான்.

சரி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு. செயலி வழியாக எடுத்த கடனாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள்படி அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு குறுகிய கால அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்பது கடன் விவரத் தாளில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு இன்று இரவு மனசு கேட்கவில்லை என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448இல் விவரம் கேட்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதற்குப் பலர் பயப்படுகிறார்கள். நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. முக்கியமாக, 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விழுப்புரத்துக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது என்று அவர்கள் தரப்பில் சொல்வார்கள். ஆனால் பள்ளி, கல்லூரிகளோடு பயிற்சி மையங்களைச் சேர்த்துப் பார்க்க முடியாது, அவை அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இலேயே சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் செய்திகள், ரசீது, அழைப்புப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டினாலும் பயப்படாதீர்கள். சான்றிதழைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் பொருளாகக் கருத முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சேரலாமா வேண்டாமா என்று குழப்பத்தில் இருப்பவர்கள், ஒப்பந்தம் கையில் இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். சனி, ஞாயிறுகளில் படித்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன்.