மாரடைப்பு வந்தால் இருமினால் போதுமா?

"தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கலாம்" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும் கூட.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. அப்போதும் பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். எவ்வளவு இருமினாலும் அந்த அடைப்பு கரையாது. இதயத் துடிப்பே நின்றுவிட்டால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும், அப்புறம் எங்கே இருமுவது?

ஆஞ்சியோகிராம் அறையில், மானிட்டரில் துடிப்பு திடீரென்று தடுமாறுவதைப் பார்த்து டாக்டர் நோயாளியை இருமச் சொல்வது உண்டு. அது அங்கே, அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். வீட்டில் செய்ய இதை அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கவில்லை. அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். இருமிக்கொண்டு வீணாக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள் (இலங்கையில் 1990). கதவைத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, உட்கார்ந்திருங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போக வேண்டாம்.