பெண் பெயருள்ள சூறாவளிகள் அதிக உயிர்களைப் பறிக்கின்றனவா?

பெண் பெயர் சூட்டப்பட்ட சூறாவளியை அமெரிக்கர்கள் இலேசாக எண்ணி வீட்டிலேயே தங்கிவிடுவதால் அதுவே அதிக உயிர்களைப் பறிக்கிறது என்று, 2014-இல் வெளியான ஓர் ஆய்வைச் சான்றுகாட்டிப் பரவும் செய்தி நிறுவப்பட்ட உண்மையன்று.

அந்த ஆய்வு 1950 முதல் 2012 வரையிலான 94 சூறாவளிகளை எடுத்துக்கொண்டது. ஆனால் அட்லாண்டிக் சூறாவளிகளுக்கு 1953 முதல் 1978 வரை பெண் பெயர்கள் மட்டுமே இடப்பட்டன. ஆண் பெயர்கள் 1979-இல்தான் சேர்க்கப்பட்டன. ஆகவே, செயற்கைக்கோள் கண்காணிப்பும் முன்னறிவிப்பும் இன்றைய அளவுக்கு வளராத காலத்து மரணங்கள் பெரும்பாலும் பெண் பெயர்களின் கணக்கிலேயே ஏறின. 1979-க்குப் பிந்தைய தரவை மட்டும் தனியே ஆராய்ந்தால், அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியோடு நிற்கவில்லை.

கற்பனைப் புயல்களைக் காட்டிப் பங்கேற்பாளர்களிடம் கேட்ட பதில்களும் அதே ஆய்வில் உண்டு. அவை சுவையானவைதாம், எனினும் கரையோரக் குடும்பம் வெளியேறுவதை வெளியேற்ற உத்தரவும் வாகனமும் கைப்பணமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.